ஜி4 டிஎன்ஏயும் அதைப் பிடிக்கும் சிறு மூலக்கூறுகளும்: வன்னி ஆய்வுகூடங்களில் புதிதாகத் தொடங்குவோருக்கு

உயர்தரப் பாடநூலில் வரும் டிஎன்ஏ இரட்டைச் சுருளிதான். கலத்திலும் பெரும்பாலும் அதுதான். ஆனால் குவானின் நிறைந்த ஓர் இழை சோடியில்லாமல் தனித்து நின்றால் அது தன்னைத்தானே மடித்துக்கொள்ளும். நான்கு குவானின்கள் எட்டு ஐதரசன் பிணைப்புகளால் சேர்ந்து ஒரு சதுரத் தட்டாகும். இடியப்பத் தட்டுகள் போல இரண்டு மூன்று தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். தட்டுகளுக்கு நடுவே பொற்றாசியம் அயன் உட்கார்ந்து அடுக்கைப் பூட்டிவிடும். 1962 இல் கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் ஆகிய மூவரும் இந்தத் தட்டின் அமைப்பைக் காட்டினார்கள். முழுப் பெயர் ஜி-குவாட்ரூப்ளெக்ஸ். ஆய்வுகூடப் பேச்சில் ஜி4.

மனிதக் குரோமோசோம்களின் நுனியான டெலோமியர், டிடிஏஜிஜிஜி என்ற தொடர் திரும்பத் திரும்ப வருவதால் ஆனது. அதன் ஒற்றை இழை வால் ஜி4 ஆக மடியக்கூடியது. அந்த வாலை நீட்டும் நொதியம் டெலோமரேஸ். 1984 இல் கிரைடரும் பிளக்பர்னும் கண்டுபிடித்தது, பெரும்பாலான புற்றுநோய்க் கலங்களில் வேலை செய்வது. மடிந்துபோன வாலை டெலோமரேஸால் பிடித்து நீட்ட முடிவதில்லை என்று 1991 இல் ஸாலர், வில்லியம்சன், செக், பிரெஸ்கொட் காட்டினார்கள். அப்படியானால் மடிப்பை இறுக்கிப் பிடிக்கும் ஒரு சிறு மூலக்கூறு நொதியத்தைத் தொடாமலே அதைத் தடுக்கலாம். 1997 இல் ஹேர்லி, நீடில் குழுவினர் அந்திராகுவினோன் வழிப்பொருள் ஒன்றால் அதைச் செய்து காட்டியதிலிருந்து இந்தத் துறை ஓடிக்கொண்டிருக்கிறது.

வவுனியா பம்பைமடுவிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ இறுதியாண்டு ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுப்பவர் முதலில் மூன்று கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். மூலக்கூறு டிஎன்ஏயைப் பிடிக்கிறதா? அந்த வடிவத்தை மட்டும் தேடிப் பிடிக்கிறதா? அப்படிப் பிடிப்பதால்தான் நொதியம் நிற்கிறதா? முதல் கேள்விக்கு ஆம் என்ற விடை கிடைத்தவுடன் மூன்றாவதற்கும் ஆம் என்று எழுதிவிடுவதுதான் இத்துறையில் மிக மலிந்த பிழை. கீழே வரும் ஒழுங்கு அந்த மூன்று கேள்விகளின் ஒழுங்குதான்.

எதை வாங்குவது

டிஎன்ஏயைத் தயாரித்து விற்பவரிடம் உலர்ந்த தூளாக வாங்குங்கள். உலர் தூள் சாதாரண வெப்பநிலையில் நாட்கணக்கில் பயணம் செய்தாலும் கெடாது. கொழும்பில் சுங்கத்தில் கிடந்தாலும் பயமில்லை. கரைசலாக வாங்கினால் அந்த நிம்மதி கிடையாது. கூரியர் செலவு டிஎன்ஏயின் விலையை மிஞ்சக்கூடும் என்பதால் வேண்டியதையெல்லாம் ஒரே கட்டளையில் எடுங்கள். குவானின் நிறைந்த தொடர்களில் அரைகுறை நீளத் துண்டுகள் கூட வரும். உப்பு நீக்கியது போதாது, எச்பிஎல்சி முறையில் சுத்தம் செய்ததைக் கேளுங்கள்.

முதல் தொடர் 22ஏஜி: ஏஜிஜிஜி என்று தொடங்கி டிடிஏஜிஜிஜி மூன்று முறை. மனித டெலோமியரின் மாதிரி இது. ஒப்பிட்டுப் பார்க்க நிறையத் தரவு உண்டு. இரண்டாவது, அதே நீளத்தில் ஒவ்வொரு ஜிஜிஜி-யின் நடு ஜி-யையும் ஏ ஆக மாற்றிய தொடர். இது மடியாது. காசு மிச்சம்பிடிக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். இது இல்லாமல் பிறகு எடுக்கும் எந்த அளவீட்டுக்கும் பொருள் இருக்காது. மூன்றாவது, இரட்டைச் சுருளிக்காக டிஎஸ்26: சிஏஏடிசி ஜிஜிஏடிசி ஜிஏஏடிடிசி ஜிஏடிசிசி ஜிஏடிடிஜி. தன்னோடு தானே சோடி சேரும் தொடர் என்பதால் ஓர் இழை வாங்கினால் போதும். விரும்பினால் இரத்த உறைவு நொதியமான திரொம்பினைப் பிடிக்கும் 15 எழுத்துத் தொடரையும் சேர்க்கலாம்: ஜிஜிடிடிஜிஜிடிஜிடிஜிஜிடிடிஜிஜி. இரண்டே தட்டு, விலை குறைவு. ஆனால் சோடியத்தில் இதன் உருகுநிலை, அதாவது மடிப்பு அவிழும் வெப்பநிலை, இருபது பாகையை அண்டியது. குளிரூட்டாத அறையில் பங்குனி மத்தியானம் 33 பாகை இருக்கும்போது, சோடியக் கரைசலில் அது மேசைமேலேயே அவிழ்ந்து கிடக்கும். பொற்றாசியத்தில் ஏறத்தாழ 50 பாகை வரை தாங்கும்.

மூலக்கூறுகளில் இரண்டு மூன்று போதும். பேர்பெரின் குளோரைட்டு மலிவு, மஞ்சள் நிறம், கையாள இலகு. நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் என்று கொடுப்பார்களே, அதன் மஞ்சளுக்குக் காரணம் இதுதான். கடைத் துண்டை இடித்துக் கரைப்பது ஆய்வாகாது. சுத்தமான இரசாயனமாக வாங்குங்கள். டிஎம்பைபி4 என்ற போர்பிரின் ஜி4-ஐ வலுவாகப் பிடிக்கும், இரட்டைச் சுருளியையும் ஏறக்குறைய அதே வலுவில் பிடிக்கும். தெரிவுத்திறன் இல்லாத மூலக்கூறு எப்படி நடந்துகொள்ளும் என்று காட்ட நல்ல உதாரணம். அதனுடைய சகோதரன் டிஎம்பைபி2 தட்டின்மேல் சரியாக உட்காராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் வடிவத்தின் பங்கு கண்ணுக்குத் தெரியும். பிரிடோஸ்டாட்டின் 2008 இல் வந்தது. நிறமில்லாதது, தெரிவுத்திறன் மிக்கது, விலைதான் கூட. 1 மில்லிகிராம் வாங்கினால் ஒரு முழு ஆய்வுத் திட்டத்துக்குப் போதும்.

தண்ணீர்

வன்னிக் கிணற்று நீர் கனநீர். கேத்திலில் படியும் வெள்ளைப் பொருக்கே சாட்சி. கல்சியமும் மகனீசியமும் இரட்டைச் சுருளியின் உருகுநிலையை ஏற்றும். நொதியச் சோதனையில் மகனீசியத்தின் கணக்கையே குழப்பும். மென்னீராக்கும் கருவியில் போன நீர் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். அந்தக் கருவி கல்சியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைத்தான் கொடுக்கிறது. ஜி4 வேலைக்கு அது இன்னும் மோசம். வடிகலத்தில் பொருக்கு ஏறியிருந்தால் கொதிக்கும்போது தெறிக்கும் துளிகள் வடித்த நீரோடு கலக்கும். கடத்துதிறன்மானியால் அளந்து பாருங்கள். காற்றுப் பட்ட நல்ல நீரும் காபனீரொட்சைட்டால் சென்ரிமீற்றருக்கு 1 மைக்ரோசீமென்ஸ் அளவு காட்டும். 5-ஐத் தாண்டினால் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். இருமுறை வடித்து அயன் நீக்கிய நீர் கிடைத்தால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தல்களில் நிரப்பி, இதற்கென்று மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

பொற்றாசியம் களவாக நுழையும் வழிகள்

ஜி4 மடிப்பின் உறுதி அயனைப் பொறுத்தது: பொற்றாசியம் மிக வலு, சோடியம் அடுத்தது, இலிதியம் ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. அதனால்தான் உப்பின் மொத்தச் செறிவைச் சரிக்கட்ட இலிதியம் குளோரைட்டைப் பாவிக்கிறோம். ஒரு மில்லிமோலர் பொற்றாசியம் தவறிக் கலந்தாலே பெறுபேறு மாறும்.

அது எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் பிஎச் மானியிலிருந்து. மின்வாயின் உள்ளே 3 மோலர் பொற்றாசியம் குளோரைட்டு இருக்கிறது, அது மெல்ல மெல்லக் கசியும். இலிதியத் தாங்கற்கரைசலுக்குள் மின்வாயை அமிழ்த்தி வைத்துக் கலக்கிக்கொண்டிருந்தால் இலிதியக் கரைசல் என்று ஒட்டிய போத்தலில் பொற்றாசியமும் இருக்கும். ஒவ்வொரு முறையும் 1 மில்லிலீற்றரை வேறு குழாயில் எடுத்து அளந்து, அதை வீசிவிடுங்கள். பிஎச் சரிக்கட்டுவதற்கு ஆய்வுகூட அலமாரியில் நிற்கும் சோடியம் அல்லது பொற்றாசியம் ஐதரொட்சைட்டுப் போத்தலை எடுக்கக் கை போகும். இலிதியம் ஐதரொட்சைட்டுத்தான் வேண்டும். உலோக அயன்களைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ சேர்ப்பவர்கள் அது இருசோடிய உப்பு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தாங்கற்கரைசலுக்கு வெளிநாட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் இலிதியம் கக்கோடைலேற்றைச் சொல்லும். அதில் ஆசனிக்கு உண்டு. ஆசனிக்குக் கழிவை முறையாக அகற்ற வழியில்லாத இடத்தில் அதைத் தொடங்கவே வேண்டாம். டிரிஸ் பாதுகாப்பானது, ஆனால் ஒவ்வொரு பாகைக்கும் அதன் பிஎச் ஏறத்தாழ 0.028 குறையும், 25 பாகையிலிருந்து 95 பாகைக்குப் போனால் கிட்டத்தட்ட 2 அலகு. உருகல் அளவீட்டுக்கு ஆகாது. ஹெப்பெஸ் நடுவழி: அதன் நகர்வு டிரிஸின் பாதி, நஞ்சும் இல்லை.

2.38 கிராம் ஹெப்பெஸை 80 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, 1 மோலர் இலிதியம் ஐதரொட்சைட்டைத் துளித்துளியாக விட்டு பிஎச் 7.2 ஆக்கி, 100 மில்லிலீற்றருக்கு நிரப்புங்கள். இது 100 மில்லிமோலர், பத்து மடங்கு இருப்புக் கரைசல். 1 மோலர் பொற்றாசியம் குளோரைட்டுக்கு 100 மில்லிலீற்றரில் 7.46 கிராம், அதே அளவு இலிதியம் குளோரைட்டுக்கு 4.24 கிராம். இந்த இரண்டாவதில் ஒரு வன்னிப் பிரச்சினை உண்டு. இலிதியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துபோகும் உப்பு. மாரி காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், தராசில் வைத்து எண் நிற்பதற்குள் எடை ஏறிக்கொண்டே போகும். புதுப் போத்தலை உடைத்த அன்றே ஒரே தடவையில் வேண்டிய அளவு முழுவதையும் கரைத்து வையுங்கள். கட்டியாகிப்போன பழைய போத்தலில் நிறுத்து எடுத்த எண் பொய்.

மடிக்க வைத்தல்

குழாயைத் திறப்பதற்கு முன் மையநீக்கியில் ஒரு நிமிடம் சுழற்றுங்கள். தூள் மூடியில் ஒட்டியிருக்கும், திறந்தவுடன் பறக்கும். குழாயில் 25 நனோமோல் என்று எழுதியிருந்தால் 250 மைக்ரோலீற்றர் நீர் விட்டால் 100 மைக்ரோமோலர். அந்த எண்ணை நம்பி நிறுத்திவிடாதீர்கள். நீரில் நூறு மடங்கு ஐதாக்கி, 85 பாகைக்கு மேல் சூடாக்கி 260 நனோமீற்றரில் உறிஞ்சலை அளவிடுங்கள். 22ஏஜி-யின் மோலர் உறிஞ்சல் குணகம் 228,500. அளவீடு 0.23 என்றால் 0.23 × 100 ÷ 228,500, அதாவது ஏறத்தாழ 101 மைக்ரோமோலர். சூடாக்குவது ஏனென்றால் இந்தக் குணகம் அவிழ்ந்த இழைக்குரியது.

குவெட்டுக்கான 1 மில்லிலீற்றர் கலவை இப்படி: பத்து மடங்கு ஹெப்பெஸ் 100 மைக்ரோலீற்றர், பொற்றாசியம் குளோரைட்டு 10, இலிதியம் குளோரைட்டு 90, 100 மைக்ரோமோலர் டிஎன்ஏ 40, நீர் 760. டிஎன்ஏ 4 மைக்ரோமோலர், பொற்றாசியம் 10 மில்லிமோலர் என்று வரும். 100 மில்லிமோலர் பொற்றாசியம் போடாமல் பத்தோடு நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. முழுப் பொற்றாசியத்தில் மடிப்பு ஏற்கெனவே இறுகியிருக்கும். மூலக்கூறு மேலும் இறுக்குவதைக் காண இடம் மிஞ்சாது. புற்றுநோயோடு தொடர்புடைய சி-மிக் மரபணுவின் ஜி4-ஐ எடுப்பவர்களுக்கு 10 மில்லிமோலரே அதிகம், 1 மில்லிமோலருக்கு இறங்க வேண்டும்.

95 பாகையில் 5 நிமிடம் வைத்து, மெதுவாக ஆற விடுங்கள். மின்வெட்டுப் பயம் உள்ள இடத்தில் வெப்பக் கட்டையைவிட நம்பகமானது ஒரு பெரிய பாத்திரம்: 2 லீற்றர் நீரைக் கொதிக்க வைத்து இறக்கி, குழாய்களை மிதவையில் குத்தி உள்ளே விட்டு, மூடித் துணியால் சுற்றி இரவு முழுக்க விட்டால் காலையில் ஆறியிருக்கும். பிறகு சில மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகையில் வையுங்கள். பனிக்கட்டியில் திடீரென்று அமிழ்த்தினால் இழைகள் அகப்பட்ட வடிவத்தில் உறைந்துபோகும். அதுவே வேறு வடிவங்களின் கலவை.

முதல் அளவீடு: உருகல்

ஒளிர்வுமானி இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். வெப்பக் கட்டுப்பாடுள்ள புறவூதா நிறமாலை ஒளிமானி போதும். இரட்டைச் சுருளி உருகும்போது 260 நனோமீற்றரில் உறிஞ்சல் ஏறும் என்று படித்திருப்பீர்கள். ஜி4-க்கு 295 நனோமீற்றரில் பார்க்க வேண்டும், அங்கே உருகும்போது உறிஞ்சல் இறங்கும். இந்தத் தலைகீழ் வளைகோடுதான் ஜி4-இன் கையெழுத்து. மாற்றம் சிறியது. வளைகோடு முழுவதும் ஆடினால் கருவியின் விளக்கு சூடாகவில்லை என்று பொருள், அரை மணி நேரம் பொறுங்கள்.

25 பாகையிலிருந்து 95 வரை நிமிடத்துக்கு 0.5 பாகை வீதம் ஏற்றுங்கள். 140 நிமிடம் ஆகும். பிறகு அதே வேகத்தில் இறக்குங்கள். ஏறுகோடும் இறங்குகோடும் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் மடிப்பு மெதுவானது; வேகத்தைப் பாதியாக்குங்கள். குவெட்டில் மேலே 150 மைக்ரோலீற்றர் திரவப் பரபின் விட்டால் ஆவியாகாது. குமிழி வந்தால் வளைகோட்டில் திடீர்ப் படி தெரியும்; தாங்கற்கரைசலை முதலே கொதிக்க வைத்து ஆற்றி எடுத்தால் குமிழி குறையும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்த குவெட்டில் மாரிக்காலத்தில் ஈரம் படியும், துடைத்த பிறகே வையுங்கள்.

நடுவில் மின்சாரம் போனால் அந்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள், ஒட்டிச் சேர்க்க முயலாதீர்கள். மாதிரியை வீசத் தேவையில்லை. திரும்ப 95 பாகைக்கு ஏற்றி ஆற விட்டால் டிஎன்ஏ பழையபடி மடியும்.

மூலக்கூறு சேர்ப்பதற்கு முன் 22ஏஜி-யை மூன்று கரைசலில் ஓட்டிப் பாருங்கள்: 100 மில்லிமோலர் பொற்றாசியம், அதே அளவு சோடியம், அதே அளவு இலிதியம். பொற்றாசியத்தில் 63 முதல் 65 பாகை, சோடியத்தில் 56 முதல் 58 பாகை என்ற அளவில் வர வேண்டும். இலிதியத்திலும் நல்ல சாய்வான உருகல் கோடு கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் கரைசலில் பொற்றாசியம் இருக்கிறது. பிஎச் மின்வாயைத் தேடுங்கள்.

மடிப்பின் வடிவத்தைக் காட்டும் வட்ட இருநிறமானி எங்காவது கிடைத்தால் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். 264 நனோமீற்றரில் மேடும் 240 இல் பள்ளமும் வந்தால் இழைகள் ஒரே திசையில் ஓடுகின்றன. 295 இல் மேடும் 260 இல் பள்ளமும் வந்தால் எதிரெதிர்த் திசை. 22ஏஜி பொற்றாசியத்தில் இரண்டும் கலந்த வடிவம் காட்டும், 290 இல் மேடு, 268 அளவில் ஒரு தோள். அதைப் பிழை என்று எண்ணித் திரும்பத் திரும்பச் செய்து நேரத்தைக் கழிக்காதீர்கள்.

மூலக்கூறு பிடிக்கிறதா

இப்போது 4 மைக்ரோமோலர் டிஎன்ஏயோடு 4, 8 மைக்ரோமோலர் மூலக்கூறு சேர்த்து அதே உருகலை ஓட்டலாம். உருகுநிலை எத்தனை பாகை ஏறியது என்பதே விடை. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த மூலக்கூறு என்றால் டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூலக்கூறு இல்லாத குவெட்டிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும். பேர்பெரின் 295 இலும் கொஞ்சம் உறிஞ்சும், ஆகவே டிஎன்ஏ இல்லாத பேர்பெரின் குவெட்டை வெற்று மாதிரியாக ஓட்டிக் கழியுங்கள்.

இதைவிட மலிவான வழி நிறமாற்றத்தைப் பார்ப்பது. 10 மைக்ரோமோலர் பேர்பெரின் 345 நனோமீற்றரில் ஏறத்தாழ 0.22 உறிஞ்சும். அதற்குள் டிஎன்ஏயைச் சிறிது சிறிதாக விட, உறிஞ்சல் குறைந்து உச்சி நீண்ட அலைநீளப் பக்கம் நகரும். விட்ட கனவளவால் ஐதாகும் பங்கைத் திருத்துங்கள். அல்லது விடும் டிஎன்ஏ கரைசலிலும் அதே 10 மைக்ரோமோலர் பேர்பெரினைக் கலந்துவிட்டால் திருத்தமே வேண்டாம். டிஎம்பைபி4-ஐ இந்த முறையில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது குவார்ட்ஸ் சுவரில் ஒட்டும். அளவீடு தானாகக் குறைந்துகொண்டே போனால் மூலக்கூறு டிஎன்ஏயிடம் போகவில்லை, குவெட்டிடம் போய்விட்டது. ஐதான நைத்திரிக்கமிலத்தால் கழுவினால் போகும். வெளிச்சத்திலும் அது சிதையும், குழாய்களை அலுமினியத் தாளால் சுற்றுங்கள்.

ஒளிர்வுமானி உள்ள இடத்தில் தயசோல் ஒரேஞ்சு முறையே எங்கள் பரிந்துரை. 2006 இல் பிரான்சில் மோன்ஷோ குழுவினர் அறிமுகப்படுத்தியது. இந்தச் சாயம் தனியே ஒளிராது, டிஎன்ஏயில் ஏறியதும் ஒளிரும். மூலக்கூறு அதைத் தள்ளி இறக்கினால் ஒளி அணையும். 0.25 மைக்ரோமோலர் 22ஏஜி, 0.5 மைக்ரோமோலர் சாயம்; மூலக்கூறை 0.125 இலிருந்து 2.5 மைக்ரோமோலர் வரை படிப்படியாக விட்டு ஒவ்வொரு படியிலும் 3 நிமிடம் பொறுத்து, 501 நனோமீற்றரில் தூண்டி 510 முதல் 750 வரை வரும் ஒளியைக் கூட்டுங்கள். பாதி ஒளி அணையும் செறிவே எண். அதே வேலையை டிஎஸ்26 இல் 0.75 மைக்ரோமோலர் சாயத்தோடு செய்யுங்கள். இரண்டு எண்களின் விகிதமே தெரிவுத்திறன், இரண்டாவது கேள்விக்கான விடை. டிஎம்பைபி4-க்கு இந்த முறை சரிவராது, அது தானே 520 அளவில் உறிஞ்சும், சிவப்பில் ஒளிரவும் செய்யும்.

மூலக்கூறை ஜி4-இன் அமைப்போடு கணினியில் பொருத்திப் பார்ப்பது எளிது என்பதால் பலர் அங்கேயே தொடங்குகிறார்கள். தவறில்லை, ஆனால் 1கேஎஃப்1 போன்ற அமைப்புக் கோப்பைத் திறந்து நீர் மூலக்கூறுகளை நீக்கும்போது பொற்றாசியத்தையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள். நடுவில் நேர் ஏற்றம் இல்லாத அடுக்கிற்குள் நேர் ஏற்ற மூலக்கூறுகள் எல்லாம் நன்றாகப் பொருந்துவதாகக் கணினி சொல்லும். படிகத்தில் ஏற்கெனவே தெரிந்த சேர்க்கையை, உதாரணமாக பிராக்கோ-19 என்ற ஜி4 பிடிக்கும் மூலக்கூறு உள்ள 3சிஇ5 கோப்பை, முதலில் திருப்பிப் பொருத்திப் பாருங்கள். அது சரியான இடத்தில் உட்காராவிட்டால் மற்ற எண்களுக்கு மதிப்பில்லை.

நொதியம் நிற்கிறதா, ஏன் நிற்கிறது

டெலோமரேஸை நேரே தொடப் புதியவர்களுக்குக் கலவளர்ப்பு வசதி வேண்டும். அதற்குப் பதிலாக, டிஎன்ஏ இழையைப் பிரதி செய்யும் நொதியமான டாக் பொலிமரேஸைக் கொண்ட நிறுத்தச் சோதனையில் தொடங்குங்கள். ஒரு நீண்ட அச்சு இழை: 3 பிரைம் முனையில் தொடக்கித்துண்டு ஒட்டும் 18 எழுத்து, பிறகு பத்து எழுத்து இடைவெளி, பிறகு 22ஏஜி பகுதி, பிறகு 20 எழுத்து வால். தொடக்கித்துண்டின் 5 பிரைம் முனையில் பாம் என்ற ஒளிர்சாயம். பொலிமரேஸ் ஓடிவந்து ஜி4-இன் வாசலில் நின்றால் குட்டைத் துண்டு, தாண்டிப் போனால் முழு நீளத் துண்டு.

நொதியத்தோடு வரும் தாங்கற்கரைசலைப் பாவிக்காதீர்கள். அதில் வழக்கமாக 50 மில்லிமோலர் பொற்றாசியம் குளோரைட்டு இருக்கும். மூலக்கூறே இல்லாமல் பொலிமரேஸ் தடுக்கி நிற்கும். சொந்தமாகக் கலக்குங்கள்: டிரிஸ் 10 மில்லிமோலர், பிஎச் 8.3, மகனீசியம் குளோரைட்டு 1.5, பொற்றாசியம் 5 மில்லிமோலர். அச்சும் தொடக்கியும் தலா 100 நனோமோலர் சேர்த்துச் சூடாக்கி ஆற விட்டு, மூலக்கூறை 0, 0.5, 1, 2, 5, 10 மைக்ரோமோலர் என்று விட்டு அரை மணி நேரம் வையுங்கள். நியூக்கிளியோத்தைட்டுகள் ஒவ்வொன்றும் 0.2 மில்லிமோலர், டாக் 1 அலகு, மொத்தம் 20 மைக்ரோலீற்றர். 55 பாகையில் 30 நிமிடம். போர்மமைட்டும் ஈடிடிஏயும் சேர்த்து நிறுத்தி, 95 பாகைக்குச் சூடாக்கி, 7 மோலர் யூரியா கலந்த 12 சதவீத பொலியக்கிரிலமைட்டு ஜெல்லில் ஓட்டுங்கள். ஜெல் உறையுமுன் அக்கிரிலமைட்டு நரம்பு நஞ்சு, கையுறை கட்டாயம்.

ஜெல்லைப் படிக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மூலக்கூறு கூடக் கூட முழு நீளத் துண்டு குறைந்து, நிறுத்தத் துண்டு அதற்கேற்ப வளர வேண்டும். இரண்டின் கூட்டுத்தொகை ஏறத்தாழ மாறாமல் இருக்க வேண்டும். முழு நீளம் குறைகிறது, நிறுத்தத் துண்டு வளரவில்லை, தொடக்கித்துண்டே மிஞ்சிக் கிடக்கிறது என்றால் மூலக்கூறு வடிவத்தை இறுக்கவில்லை, நொதியத்தையே செயலிழக்கச் செய்கிறது, அல்லது அச்சு-தொடக்கி இரட்டைப் பகுதியில் ஏறிவிட்டது. ஜி-யை ஏ ஆக்கிய அச்சிலும் அதே செறிவுகளை ஓட்டுங்கள். அங்கேயும் தடை வந்தால் ஜி4 என்ற சொல்லை முடிவுரையில் எழுத உங்களுக்கு உரிமையில்லை.

மரப்பட்டைச் சாறுகளோடு வருபவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஆவாரை, நாவல், மருது என்று வன்னியில் கைக்கெட்டும் பட்டைகளில் எல்லாம் தனின் நிறைய உண்டு. தனின் புரதத்தைக் கட்டிப் படிய வைக்கும். எந்த நொதியத்தையும் நிறுத்தும். சோதனை சுலபம்: மாட்டுச் சீர அல்புமின் மில்லிலீற்றருக்கு 0.4 மில்லிகிராம் சேர்த்துத் திரும்ப ஓட்டுங்கள். தடை மறைந்தால் அது தனின் வேலை. அதேபோல 0.01 சதவீத டிரைட்டன் எக்ஸ்-100 சேர்த்ததும் தடை போனால் மூலக்கூறு தனித்தனியாக இல்லை, திரண்டு உருண்டையாகி நொதியத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. காட்டுக்குள் வெட்டி எடுப்பதற்கு வனத் திணைக்கள அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். வெளிகளில் முளைக்கும் பிரமதண்டிலும் பேர்பெரின் உண்டு. கூடவே சங்குவினரின் என்ற நஞ்சும் உண்டு. ஜி4-ஐ இதுவும் பிடிக்கும் என்பதற்காக யாரும் குடித்துப் பார்க்கக் கூடாது. மரமஞ்சளும் அப்படித்தான்: குழாய்க்குள் டிஎன்ஏயைப் பிடிப்பதிலிருந்து புற்றுநோய் மருந்துக்கு நேர்வழி இல்லை.

கடைசியாக, கட்டுரைகளில் நீங்கள் வாசிக்கப்போகும் டெலோமரேஸ் தடை எண்களைப் பற்றி. அவற்றில் பல டிராப் சோதனையிலிருந்து வந்தவை. 1994 இல் வந்த இந்தச் சோதனையில் டெலோமரேஸ் முதலில் இழையை நீட்டும், பிறகு பிசிஆர் அதைப் பெருக்கும். நீட்டிய இழை டிடிஏஜிஜிஜி தொடரால் ஆனது. அதுவே ஜி4 ஆக மடியும். மூலக்கூறு அங்கே ஏறிக்கொண்டால் நிற்பது பிசிஆர், டெலோமரேஸ் அல்ல. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே கலக்கும் கட்டுப்பாட்டுத் துண்டு ஒழுங்காகப் பெருகுகிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது, அந்தத் துண்டில் ஜி4 தொடர் இல்லை. 2007 இல் இந்த எண்களைப் பெருக்கல் இல்லாத நேர்ச் சோதனையோடு ஒப்பிட்டு மறுமதிப்பீடு செய்தார்கள். ஆகவே ஒரு கட்டுரையில் தடை எண்ணைக் கண்டால் முறை பகுதிக்குப் போய் அது டிராப்பா நேர்ச் சோதனையா என்று பாருங்கள். டிராப் என்றால், மூலக்கூறைப் பிசிஆருக்கு முன் நீக்கினார்களா என்று தேடுங்கள். நீக்கவில்லை என்றால் அந்த எண்ணை உங்கள் அட்டவணையில் சேர்க்கும்போது பக்கத்தில் அதையும் எழுதுங்கள்.